மூன்றாம் துறைமுகத்தில் நிற்பவர்கள்

செல்வதாஸிடம் எதையாவது கேட்டால் பதில் வர நேரமாகும். கேட்டவர்களில் பாதிப் பேர் அதற்குள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். அதில் அவனுக்கு வருத்தமில்லை. கல்லூரி நூலகத்தில் அவன் பார்த்த வேலைக்கு அந்தக் குணம் பொருத்தமாகவே இருந்தது. கேட்டவரை அலமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் போதும். மீதியைப் புத்தகம் சொல்லும்.

அவன் தங்கை பெமிலா நேர் எதிர். கல்யாணமான கொஞ்ச நாளில் கணவன் ஜினோ குவைத்துக்குத் திரும்பிப் போய்விட, விசாவுக்காகப் புதுக்கடை வீட்டில் காத்திருந்த மாதங்களில் அவள் ஒரு கப்பல் விளையாட்டுக்குள் புகுந்தாள். 'ஏழு துறைமுகம்' என்று அதற்குப் பெயர். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் இணையத்தில் ஒரே கடலில் கப்பல் விடலாம். மிளகும் உப்பும் ஏற்றி, துறைமுகம் துறைமுகமாக முன்னேற வேண்டும். குவைத்தில் ஜினோவும் அவன் அறைக்காரர்களும் ஆடினார்கள். அவர்கள் சொல்லி ஊரில் இருந்தவர்களும் ஆடினார்கள். இவர்களுக்குத் தமிழில் சந்தேகம் கேட்க ஓர் இடம் வேண்டுமே என்று பெமிலா ஒரு ஃபோரம் தொடங்கினாள். 'நாஞ்சில் மாலுமிகள்.' தொடங்கியபோது எல்லாரையும் அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். 2011 பிறந்தபோது யார் எங்கே என்ன கேட்டார்கள் என்று அவளுக்கே பிடிபடாத அளவுக்கு அது பெருகியிருந்தது.

"அண்ணா, நீ புஸ்தகம் அடுக்குத ஆளுதானே," என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து சேலை மாற்றாமலே. "இதையும் ஒண்ணு அடுக்கித் தா. ஒரே கேள்விய நூறு பேரு கேக்கான். நூறு எடத்துல பதில் கெடக்கு. புதுசா வாறவனுக்கு ஒண்ணும் கெடைக்க மாட்டேங்கு."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்குதியா இல்லியா?"

"கேட்டேன்."

"கேட்டா ஒரு சத்தம் குடுத்தா என்ன? மாடுகூட தலையாட்டும்."

அவளே அவனுக்குக் கணக்குத் திறந்து பெயரும் வைத்தாள்: மௌனசாமி. பதிவுகளை நகர்த்தவும் பூட்டவும் அதிகாரம் கொடுத்தாள்.

படிக்க ஆரம்பித்ததும் ஒன்று புரிந்தது. கேள்விகள் பல மாதிரி இருந்தாலும் அடியில் கிடந்தது ஒரே கேள்விதான். எல்லாரும் மூன்றாம் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார்கள். அங்கிருந்து பார்த்தால் நான்காம் துறைமுகம் பக்கத்திலேயே தெரியும். நேராகக் கப்பலை விட்டால் எதிர்க்காற்று தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நிறுத்தும். வழி ஒன்றுதான். இரண்டாம் துறைமுகத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கே புறப்படுகிற கப்பலைக் காற்று பின்னாலிருந்து பிடிக்கும். மூன்றாவதைத் தாண்டி நான்காவதில் கொண்டு சேர்க்கும். ஆனால் திரும்பிப் போனால் புள்ளிகள் குறையும். சேர்த்துவைத்ததை விட யாருக்கும் மனம் வராது. நின்ற இடத்திலேயே நின்று, ஏற்றிய மிளகு கெட்டு, வெறுத்துப்போய் விளையாட்டையே விட்டுவிடுவார்கள்.

இந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் சொன்னவர் ஒரே ஆள். கிளீட்டஸ். ஊர் மண்டைக்காடு. எல்லாரும் கிளீட்டஸ் அண்ணன் என்றே எழுதினார்கள். அவர் எடுத்தவுடன் பதில் சொல்லிவிட மாட்டார். "நீ எந்த ஊரு மக்கா?" என்று கேட்பார். ஊர் தெரிந்ததும், "அங்க எங்க?" என்பார். அது தெரிந்ததும், எதிரில் என்ன கடை, பஸ் எங்கே நிற்கும் என்று போகும். அதற்குப் பிறகுதான் கப்பல்.

கொட்டாரத்துக்காரர் ஒருவருக்கு இப்படி எழுதியிருந்தார்:

"மக்கா, சீசன் நேரம்னு வச்சுக்கோ. நீ கொட்டாரம் ஜங்ஷன்ல நிக்குத. நாகரோயில் போணும். கன்னியாரியில இருந்து வாற பஸ்ஸுல எல்லாம் ஆளு தொங்கிட்டு வருது. நீ கை காட்டுத. டிரைவர் உன்னக் காணாத மாதிரி கடலப் பாத்துட்டுப் போறான். அங்க கடலே இல்ல, ஆனாலும் பாக்கான். நீ என்ன செய்வ? எதுத்த பக்கம் போயி, கன்னியாரி போற பஸ்ஸுல ஏறி, பஸ் புறப்படுத எடத்துலயே சீட்டு போட்டு, ஜன்னலோரமா இருந்து, அதே கொட்டாரம் வழியா ஜம்முனு வருவ. அங்க நிக்குதவனுக்கு டாட்டா காட்டிட்டுப் போவ. உனக்கு மூணாம் துறைமுகம் கொட்டாரம். ரெண்டாம் துறைமுகம் கன்னியாரி. குறையுத புள்ளி அந்த ஒரு டிக்கெட்டு. போ மக்கா, யோசிக்காம திரும்பிப் போ."

அடியில் அந்தக் கொட்டாரத்துக்காரர் மறுநாள் எழுதியிருந்தார்: "அண்ணே, நாலாவதுல நிக்கேன். டாட்டா."

புதுக்கடைக்காரர்களுக்கு அதே பதில் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டாக மாறியது. மண்டைக்காட்டுக்காரர்களுக்குக் குளச்சலாக மாறியது. ஒவ்வொன்றிலும் வேறு டிரைவர், வேறு மழை, வேறு சாயாக்கடை. அடுக்குவதற்குத் தேவையானதைவிட அதிகமாகச் செல்வதாஸ் படித்தான். ஒரு மாலை படித்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து பெமிலா எட்டிப் பார்த்தாள்.

"இப்பம் சிரிச்சது யாரு? வீட்டுக்கு யாரும் வந்திருக்காவளா?"

கிளீட்டஸுக்கு அவன் மனதில் ஒரு முகம்கூட வந்துவிட்டது. கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர், நரைத்த புருவம், கடலைப் பார்த்த ஒரு ஜன்னல்.

பிறகு அவன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். நூலகத்தில் பழைய சஞ்சிகைகளைச் சேர்த்துக் கட்டும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிட்டுத்தான் தைப்பார்கள். விஷயம் மட்டும் நிற்கும். அலமாரியில் இடமும் மிச்சமாகும். அதே மாதிரி கொட்டாரத்துப் பதிலை எடுத்து, பஸ்ஸையும் டிரைவரையும் ஜன்னலோரத்தையும் நீக்கினான். மிஞ்சியது இது: 'மூன்றாம் துறைமுகத்திலிருந்து நான்காம் துறைமுகத்துக்கு நேரடியாகச் செல்ல இயலாது. இரண்டாம் துறைமுகத்துக்குத் திரும்பி, அங்கிருந்து புறப்படவும்.' அதை எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தினான். மற்றப் பதில்களை அழிக்க மனம் வரவில்லை. 'பரண்' என்று ஒரு பிரிவு வைத்து, யார் கண்ணிலும் படாமல் அதற்குள் ஏற்றினான். புதிதாக யாராவது அதே கேள்வியைக் கேட்டால், 'இதற்குப் பதில் உள்ளது. மேலே பார்க்கவும்' என்று எழுதிப் பூட்டினான். பூட்டிய கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம் தோன்றும். அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுத முடியாது.

ஃபோரம் சுத்தமாயிற்று. கேள்விகள் குறைந்தன. எல்லாருக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

மௌனம் அவனுக்குப் பழக்கமானதுதான். ஆனால் நூலகத்தின் மௌனத்துக்குள் பக்கம் புரளும் சத்தம் இருக்கும், யாரோ நாற்காலியை நகர்த்துவார்கள். இந்த மௌனத்துக்குள் ஒன்றுமில்லை. ஒவ்வொரு மாலையும் திறந்து பார்த்தான். பூட்டுகள் வரிசையாக நின்றன.

மாசி பாதியில் பெமிலா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். விளையாட்டின் மூன்றாம் துறைமுகம் தெரிந்தது. கப்பலுக்கு மேல் கப்பலாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் மேலும் பெயர்: 'புதுக்கடை எக்ஸ்பிரஸ்', 'கருங்கல் ராஜா', 'அம்மா துணை', 'ஜெபமணி மிளகு மண்டி'.

"எல்லாம் நம்ம ஆளுவதான். ஒரு கப்பலாவது அனங்கி நகருதா பாரு."

"மேல பதில் இருக்கே."

"பதிலா அது?" அவள் அதை உரக்க வாசித்துக் காட்டினாள், தமுக்கடித்து ஏலம் கூறும் குரலில். "'இயலாது. திரும்பவும்.' கோர்ட்டு நோட்டீசு மாதிரில்லா இருக்கு. திரும்பிப் போன்னு சொன்னா ஒருத்தன் போவானா? புள்ளி போயிருமேன்னு பயந்துட்டு நிக்கான். பயந்து ஒண்ணு கேக்கலாம்னு வந்தா நீ பூட்டு போடுத."

அவன் கப்பல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான்.

"கிளீட்டஸ் அண்ணன் எங்க?"

அதை அவனும் கவனித்திருந்தான். முதல் பூட்டு விழுந்த வாரத்துக்குப் பிறகு கிளீட்டஸ் ஒரு வரிகூட எழுதவில்லை.

"விசா வந்தா நான் போயிருவேன். அவரும் இல்லேன்னா இத யாரு பாக்கது? நீயா? உன்ட்ட வழி கேட்டு நிக்குதவனுக்குக் கப்பலு துருப்பிடிச்சிரும்."

அவள் எழுந்து போனபின் அவன் கிளீட்டஸுக்குத் தனிச்செய்தி எழுத முயன்றான். 'மதிப்புக்குரிய கிளீட்டஸ் அவர்களுக்கு' என்று தொடங்கி அழித்தான். 'கிளீட்டஸ் அண்ணனுக்கு' என்று தொடங்கினான். அதற்கு மேல் என்ன எழுதுவது? இத்தனை நாள் படித்ததில் அந்த மனிதர் எங்கே கிண்டலடிப்பார், எந்த வாக்கியத்தில் மூச்சு விடுவார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அந்த மனிதரின் வாயைப் பூட்டியது தன் கை. நேரில் போவதுதான் முறை என்று பட்டது. மண்டைக்காட்டுக்காரர் ஒருவருக்கு எழுதிய பதிலில், 'கோயில் ஆர்ச்சு தாண்டி, சர்பத்துக் கடைக்கு அடுத்தாப்ல நம்ம ஜெராக்ஸ் கடை' என்று இருந்தது.

சனிக்கிழமை கிளம்பினான். மண்டைக்காட்டுக் கோயிலில் மாசிக்கொடைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. புதுக்கடைக்கு வந்த திருவிழா பஸ்களில் படியில்கூட இடமில்லை. ஒரு பஸ் நிற்காமல் போனது. அடுத்தது வேகத்தைக் குறைப்பதுபோலக் காட்டிவிட்டுப் போனது. டிரைவர் வலது பக்கமாக எதையோ பார்த்தார். அங்கே ஒரு மதில் சுவர் மட்டும் இருந்தது.

வெயில் ஏறும்வரை அவன் நின்றான். பிறகு ரோட்டைக் கடந்து, மார்த்தாண்டம் போகும் பஸ்ஸில் ஏறினான். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, புறப்பட நின்ற திருவிழா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் நிறைந்து, புதுக்கடை வழியாகத் திரும்ப வந்தது. அவனோடு நின்றவர்கள் அங்கேயே நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வதாஸின் கை மடியிலிருந்து கொஞ்சம் மேலே எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்க்கவும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

ஜெராக்ஸ் கடையில் ஓர் இளைஞன் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, மாட்டிக்கொண்ட தாளை இழுத்துக்கொண்டிருந்தான். செல்வதாஸைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும்.

"கிளீட்டஸ் இருக்காரா?"

"நான்தான். ரீசார்ஜா அண்ணே?"

செல்வதாஸ் கடைக்கு உள்ளே எட்டிப் பார்த்தான். வேறு யாரும் இல்லை. "கிளீட்டஸ் அண்ணன்..."

"அது நெட்டுல. வீட்டுல நான் 'ஏலே'தான்." சிரித்தபடி கையைத் துடைத்தான். "அண்ணே எந்த ஊரு?"

"புதுக்கடை."

"அங்க எங்க? சந்தைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம். சர்ச்சுக்குப் பின்னால."

"வாழைக்குலை எறக்குத எடத்துல ஒரு சாயாக்கடை உண்டும்லா? பழம்பொரி கொள்ளாம், நல்ல ருசின்னு கேட்டேன்."

"நீங்க வந்திருக்கியளா?"

"எங்க வர? அங்க உள்ள ஒரு ஆளுக்குக் கப்பலு சொல்லிக் குடுத்தேன். அவன் சொன்னதாக்கும்."

செல்வதாஸ் தாள் மாட்டிய இயந்திரத்தைப் பார்த்தபடி சொன்னான். "நான் மௌனசாமி."

கிளீட்டஸின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "ஓ. பூட்டுக்காரரு."

வெளியே செண்டை மேளம் போயிற்று. கடலில் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு பெண்கள் கூட்டமாகக் கோயிலுக்கு நடந்தார்கள். அவர்கள் கடந்து போவதையே செல்வதாஸ் பார்த்துக்கொண்டு நின்றான். கிளீட்டஸால் அவ்வளவு நேரம் தாங்க முடியவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"இருங்க அண்ணே. எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. பதில் எழுதப் போனா பூட்டு. அடுத்ததுக்குப் போனா அங்கயும் பூட்டு. நீங்க லைப்ரரியிலன்னு பெமிலாக்கா சொல்லியிருந்தாவ. அங்க பேசப்பிடாதுன்னு போர்டு வச்சிருப்பாவல்லா? அதான் வாயப் பொத்திட்டு இருந்தேன். நான் எழுதுனதுல பஸ்ஸு கிஸ்ஸு எல்லாம் வெட்டிப் போட்டிருந்திய. அதும் சரிதான். பஸ்ஸுக்கும் கப்பலுக்கும் என்ன சம்மந்தம்?"

"சம்மந்தம் உண்டும்." இவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது செல்வதாஸுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நான் இன்னைக்கு மார்த்தாண்டம் போய்தான் சீட்டு போட்டு வந்தேன்."

கிளீட்டஸ் அவனை உற்றுப் பார்த்தான். பிறகு சர்பத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி வெடித்துச் சிரித்தான். "நெசமாட்டா? டாட்டா காட்டுனியளா?"

"பாதி."

"பாதி டாட்டாவா! அது எப்பிடி அண்ணே?"

சாயா வந்தது. கிளீட்டஸ் பேசினான், செல்வதாஸ் கேட்டான். கிளீட்டஸின் அப்பா மீன்பிடிக்கப் போகிறவர். மகனையும் வள்ளத்தில் கூட்டிப்போய்ப் பார்த்திருக்கிறார். "கரை மறையதுக்குள்ள குடலு வெளிய வந்துட்டு அண்ணே. திரும்பத் திரும்பக் கொண்டு போனாரு. கடைசியில வலையவிட என்னப் பிடிச்சு வைக்கத்தான் ஆளு வேண்டியிருந்து. நீ கரையில இருந்து ஜெராக்ஸ் எடுடேன்னு விட்டுட்டாரு." அவன் கணினியைக் காட்டினான். "இந்தக் கடல்ல வாந்தி வராது. இதுல வந்து ஒருத்தன் என்ட்ட வழி கேக்கான். கடல்ல வழி கேக்க எனக்கும் ஆளு வாறானேன்னு இருக்கும்."

செல்வதாஸ் கையிலிருந்த சாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணையும் அழிக்கல்ல," என்றான். "எல்லாம் பரண்ல இருக்கு. பூட்ட எல்லாம் எடுத்துருதேன். ஊரு ஊரா அடுக்கலாம். முதல்ல எந்தத் துறைமுகத்துல நிக்குதாங்கன்னு. அதுக்குள்ள அவங்க ஊரு. கொட்டாரத்துக்காரங்க கொட்டாரத்தத் தொறந்தா உங்க பதில் முழுசா இருக்கும். பஸ்ஸோட."

"டிரைவரோட?"

"டிரைவரோட."

கிளீட்டஸ் தலையைச் சொறிந்தான். "கொள்ளாம். ஆனா நான் உடனே வர மாட்டேன். பரண்ல இல்லாத ஊருக்காரன் ஒருத்தன் வருவான்லா? அவனுக்கு நீங்க சொல்லணும். ஊரு கேட்டு, பேசிச் சொல்லணும். பூட்டு போட்ட ஆளு பேசி நான் பாக்கணும். பொறவு வாறேன்."

"எனக்குப் பேச வராது."

"அது தெரியுது. சாயா ஆடை கட்டிட்டு பாருங்க."

அந்த வாரம் முழுக்கச் செல்வதாஸ் பரணை இறக்கினான். கருங்கல், தக்கலை, கொட்டாரம், குளச்சல் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக எழுந்தன. நூலகத்துப் பகுப்பு முறையில் இப்படியொரு பிரிவுக்கு எண் கிடையாது. பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மூன்றாம் துறைமுகத்திலிருந்து 'கருங்கல் ராஜா' முதலில் கிளம்பியது. அடுத்து 'அம்மா துணை'. பெமிலா ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள்.

கிளீட்டஸ் வரவில்லை.

அப்போதுதான் பிரிஜா வந்தாள். மஸ்கட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். 'மூணாவது போர்ட்டுல இருந்து கப்பல் போக மாட்டேங்குது. கொட்டாரம் பஸ் கதையும் படிச்சேன். ஒண்ணும் புரியல' என்று எழுதியிருந்தாள்.

செல்வதாஸ் விசைப்பலகை மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தான். பின்னால் பெமிலா வந்து நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஊரு கேளு."

'நீங்கள் எந்த ஊர்?' என்று அடித்தான்.

"போலீஸ்காரனா நீ? மக்கா போடு."

அழித்தான். 'நீ எந்த ஊரு மக்கா?'

பதில் வந்தது. 'அப்பா ஊரு கொட்டாரம்தான். ஆனா நான் பிறந்ததே இங்கதான். லீவுக்கு வந்தா ஏர்போர்ட்டுல இருந்து கார். நான் இதுவரை பஸ்ஸுக்கு நின்னதே இல்ல.'

செல்வதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பெமிலா வாயைத் திறந்து, அவன் முதுகைப் பார்த்து மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து அவன் எழுதினான்: 'ஆபீசு எத்தனாவது மாடி?'

'நாலு.'

'வேலை முடிஞ்சு எல்லாரும் எறங்குத நேரம் லிஃப்டு எப்பிடி இருக்கும்?'

'ஐயோ, கேக்காதீங்க. மேல இருந்தே ஃபுல்லா வரும். கதவு திறக்கும், எல்லாரும் நம்மள முறைப்பாங்க, கதவு மூடிரும்.'

'அப்பம் நீ என்ன செய்வ?'

பதில் வந்தது. 'மேல போற லிஃப்டுல ஏறிடுவேன். காலியா இருக்கும். உச்சிக்குப் போய் அப்படியே அதுலயே கீழ வருவேன்.' அதற்கடியில் உடனே இன்னொரு வரி: 'அண்ணே!!! ரெண்டாவது போர்ட்டு!!!'

பெமிலா அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். செல்வதாஸ் திரும்பவில்லை. மஸ்கட் என்று புதிய பகுப்பு ஒன்று திறந்து, இந்தப் பேச்சு முழுவதையும் ஒரு சொல்லும் வெட்டாமல் அதற்குள் வைத்தான்.

வைத்து முடிப்பதற்குள் அதன் கீழே ஒரு வரி முளைத்திருந்தது. பெயர்: கிளீட்டஸ், மண்டைக்காடு.

'அண்ணே, நீங்க லிஃப்டுல ஏறிருக்கியளா?'

செல்வதாஸ் 'இல்லை' என்று எழுதினான். அனுப்பவில்லை. எந்தக் கேள்வியையும் அவன் அத்தோடு முடித்துவிடுவதுதான் வழக்கம். பக்கத்தில் 'நீ?' என்று சேர்த்து அனுப்பினான்.

'நானும் இல்ல. எனக்கு அதுலயும் வாந்தி வரும்' என்று பதில் வந்தது. 'சரி, கீழ தக்கலைக்காரன் ஒருத்தன் வந்து நிக்கான் பாருங்க. நீங்க பாக்கியளா, நான் பாக்கட்டா?'

செல்வதாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.